கண்மணி அளவு சரியாக வர

மூளை எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்க, ஐ டிராக்கரில் (கண்ணைக் கேமராவால் பதிவு செய்யும் கருவி) கண்மணி அளவு எடுக்கிறீர்களா? முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். பெங்களூரில் மேகம் வந்து போகிற வேகத்துக்கு, வரைபடத்தில் ஏறி இறங்குவது மூளையின் உழைப்பா, வானத்து வெளிச்சமா என்றே தெரியாது. வெளிச்சத்துக்குக் கண்மணி சுமார் 2 முதல் 8 மி.மீ. வரை மாறும், யோசிப்பதால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மி.மீ.கூட இருக்காது. திரையில் காட்டும் படங்களின் பிரகாசமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பார்வை ஓரத்துக்குப் போனால் கேமராவுக்குக் கண்மணி நீள்வட்டமாக, சின்னதாகத் தெரியும். அல்சூரிலிருந்து வந்த ஒரு பாட்டியிடம், "நடுவுல இருக்கிற கூட்டல் குறியையே பாருங்க பாட்டி" என்றதும் வரைபடத்தில் கோடு அடங்கிவிட்டது.

பல கருவிகள் அளவை மி.மீ.யில் தராது. 5 மி.மீ. கறுப்பு வட்டத்தை அச்சிட்டு, கண் இருக்கும் அதே தூரத்தில் வைத்து, கருவி அதற்கு என்ன எண் தருகிறது என்று அளந்துகொள்ளுங்கள்; அதை வைத்து மற்ற அளவுகளை மி.மீ.க்கு மாற்றலாம். பதிவில் கண் இமைத்த இடங்களை முன்பின் 100 மில்லிசெகண்டோடு சேர்த்தே வெட்டிவிடுங்கள்.