காருக்கும் பைக்குக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

கார் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருக்கிறது, வேகமும் குறைந்துவிட்டது, காருக்கும் ஓரத்துக்கும் நடுவே மூன்றடி இடம் இருக்கிறது. சரி, புகுந்து போய்விடலாம் என்று பைக்கை விடுகிறார்கள் பாருங்கள், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். இடது பின்கதவை ஒட்டி வரும் பைக் பல நேரம் உள் கண்ணாடியிலும் விழாது, சைடு கண்ணாடியிலும் விழாது. அவர் உங்களை வேண்டுமென்று நெருக்கவில்லை, அங்கே ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது. முன்னால் போகும் வண்டியின் சைடு கண்ணாடியில் ஓட்டுபவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ், லாரி என்றால் இன்னும் மோசம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் அவற்றின் இடது பக்கம் போய் நிற்கவே நிற்காதீர்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு முன்பக்கத்திலும் இப்படி ஒரு குருட்டு இடம் உண்டு, அதை அவர்களே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு கார் பெரும்பாலும் முழுசாக மறையாது, ஆனால் ஒரு பைக் ஆளோடு சேர்ந்து மறைந்துவிடும். மீடியன் இடைவெளியில் யூ-டர்ன் எடுக்கும்போது தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இன்னொன்று, சின்னதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் நம் மூளை கணக்குப் போடும். எதிரில் பஸ் வந்தால் நின்றுவிடுகிறவர் பைக் வந்தால் "இன்னும் நேரம் இருக்கு" என்று திருப்பிவிடுவது அதனால்தான். 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி செய்ததற்கு நோக்கம் கண்ணில் படுவதுதான். (இன்னும் எதிரில் வருபவர்கள் விரலை விரித்து மடக்கி "லைட் எரியுது" என்று சைகை காட்டுவதை நிறுத்தியபாடில்லை.)

விளக்கு என்றதும் அடுத்த குழப்பம். நாற்சந்தியில் நேராகப் போகப் போகிறேன் என்று சொல்ல நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ! பக்கத்தில் வரும் பைக்காரருக்கு உங்கள் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துக்கொள்வார். அந்த விளக்கு ரோட்டில் வண்டி நின்றுபோனால் போடுவதற்கு. மழையில் ஓடும்போதும் வேண்டாம், லோ பீம் போதும். பைக் பக்கத்திலும் குறை உண்டு: பல பைக்குகளில் இண்டிகேட்டர் தானாக அணையாது, திரும்பி ஒரு கிலோமீட்டர் தாண்டியும் மினுக்கிக்கொண்டே போவார்கள். அதே மாதிரி ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் "நீ போ" என்று அர்த்தமா, "நான் வரேன், நில்லு" என்று அர்த்தமா? நம் சாலைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை நம்பி யாரும் குறுக்கே போகக் கூடாது. லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ஓவர்டேக் செய்யச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதும் அப்படித்தான், அவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பலாம்.

பைக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது கார்க்காரர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. காருக்கு ஒரு சின்னக் குலுங்கலாக இருக்கும் பள்ளம் பைக்கைக் கவிழ்த்துவிடும். மணல், பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், மழையில் வழுக்கும் வெள்ளைக்கோடு, எல்லாவற்றுக்கும் அவர் திடீரென்று ஒதுங்குவார். ஆக்ஸிலரேட்டரை விட்டாலே பைக் வேகம் குறையும், பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். குறைந்தது இரண்டு நொடி தூரமாவது விடுங்கள், மழை என்றால் அதற்கும் மேலே. அப்புறம் பைக்காரர்களே, கார் முன்னால் காலியாகத் தெரிகிற இடம் அவர் பிரேக் பிடிக்க வைத்திருக்கும் இடம், கட் அடித்து அதில் போய் உட்காராதீர்கள்.

நிறுத்திய காரின் கதவு இன்னொரு ஆபத்து. ஓட்டுபவர் வலது கதவை இடது கையால் திறந்து பாருங்கள், உடம்பு தானாகத் திரும்பி பின்னால் வருவது கண்ணில் படும். இடது பக்கம் இறங்குபவர் வலது கையால் திறக்கலாம். வாடகைக் காரில் பின்சீட்டில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கதவைத் தள்ளுவதுதான் அதிகம். பைக்கில் போகிறவர்கள் நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போகட்டும்.

ஹெல்மெட் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வார் மாட்டாத ஹெல்மெட் தலையில் நிற்காது, பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி கட்டாயம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள்.

கடைசியாக ஆம்புலன்ஸ். வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம், அது பலருக்குத் தெரியும். ஆனால் கார்கள் ஒதுங்கியதும் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பைக்குகள் பறக்கின்றனவே, ஒதுங்கிய கார் பழைய இடத்துக்குத் திரும்புவது சரியாக அந்த நேரத்தில்தான். ஓரத்தில் நிற்பவர் உடனே ஸ்டியரிங்கைத் திருப்பாமல் வலது கண்ணாடியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், பைக்காரர் அந்த வாலை விட்டுவிட வேண்டும்.