டமாஸ்கஸ் குழலில் பிடித்த துரு

தாத்தாவின் பர்மிங்காம் இரட்டைக்குழல் துப்பாக்கி, உரிமத்தோடு என்னிடம் வந்தபோது குழலெங்கும் செம்புள்ளியாகத் துரு. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்த பிறகே கை வைத்தேன். இரும்பையும் எஃகையும் முறுக்கி இணைத்த டமாஸ்கஸ் குழல் அது. பழுப்பு மெருகில் சுருள்சுருளாக வரி ஓடும். வினிகரோ துருநீக்கியோ அந்த மெருகைத் தின்றுவிடும், உப்புத்தாள் அதைவிடக் கொடுமை. தையல் இயந்திர எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய வெண்கல இழைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தேன். செந்தூள் எண்ணெயில் குழைந்து துணிக்கு வந்தது, வரி அப்படியே நின்றது. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், விரல்நுனியால் துளித்துளியாக. குழல்வாய் கீழே இருக்கும்படிதான் நிறுத்துகிறேன். இல்லாவிட்டால் குழலில் பூசிய எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். தோலுறை வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும். சுடுவதா? இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்கு இந்தக் குழலை நம்ப மாட்டேன்.