வானத்தைப் பார்த்து நிலத்தில் எல்லை போடுவது எப்படி? வாஷிங்டன் நகரை அளந்த முறை

1791-ல் அமெரிக்காவின் புதிய தலைநகருக்கு எல்லை போடும் வேலை ஆண்ட்ரூ எலிகாட் என்ற நில அளவையாளரிடம் வந்தது. பக்கத்துக்கு 10 மைல் என்று ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளும் சரியாக நான்கு திசைகளைப் பார்க்க வேண்டும். குறுக்கே பொட்டோமாக் ஆறு, வழியெல்லாம் காடு. அவர் செய்ததைப் படிப்படியாகப் பார்ப்போம். முதல் படியை மட்டும் எளிய முறையில் உங்கள் மொட்டைமாடியிலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: உண்மையான வடக்கு

காந்த முள்ளை நம்ப வேண்டாம். அது காட்டும் வடக்கு இடத்துக்கு இடம் மாறும். ஒரு பாகை பிசகினாலே 10 மைல் முடிவில் கோடு சுமார் 920 அடி விலகிப் போயிருக்கும். எலிகாட் குழு நட்ட எல்லைக் கற்களின் ஒரு முகத்தில், அந்த இடத்தில் முள் எவ்வளவு விலகுகிறது என்றே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சமதளத்தில் ஒரு குச்சியை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள். காலை ஒன்பதரை மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு குறி வையுங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்தக் குறி வழியாகக் கயிற்றால் வட்டம் போடுங்கள். நிழல் உள்ளே சுருங்கி, அப்புறம் நீளும். பிற்பகலில் நுனி வட்டத்தை மறுபடி தொடும் இடத்தில் இரண்டாவது குறி. இரண்டையும் இணைத்தால் கிழமேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகப் போடுவது தென்வடல் கோடு. ஜூன், டிசம்பர் கடைசியில் செய்தால் பிழை மிகக் குறைவு. நம் சிற்ப நூல்கள் ‘சங்கு’ என்ற குச்சியை நட்டுத் திசை காணச் சொல்வதும் இதே முறைதான்.

படி 2: அட்சரேகை

உச்சியை நோக்கி நிற்கும் தொலைநோக்கியில், ஒரு நட்சத்திரம் தென்வடல் கோட்டைக் கடக்கும்போது உச்சியிலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோடுதான் வான நடுக்கோடு. அதிலிருந்து நட்சத்திரம் எவ்வளவு வடக்கே என்பது அட்டவணையில் இருக்கும். நட்சத்திரம் உச்சிக்குத் தெற்கே கடந்தால் இரண்டையும் கூட்டுங்கள். வடக்கே கடந்தால் அட்டவணை எண்ணிலிருந்து அளந்ததைக் கழியுங்கள். வருவதுதான் அட்சரேகை. உச்சிக்கு அருகில் காற்று ஒளியை அதிகம் வளைக்காது, அதனால்தான் அங்கே பார்ப்பது.

இதற்கு நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டவர் பெஞ்சமின் பானெகர். மேரிலாந்து விவசாயி, அடிமைத்தளை இல்லாமல் பிறந்த கறுப்பினத்தவர், வானியலைத் தானே படித்தவர். அப்போது வயது 59. நகரத்தின் வரைபடத்தை முழுக்க நினைவிலிருந்து வரைந்தார் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் கதை இல்லாமலே அவர் பெரியவர்தான்.

படி 3: 45 பாகை

தென்கோடி மூலை ஜோன்ஸ் முனை. அங்கே தென்வடல் கோட்டைப் போட்டு, அதிலிருந்து 45 பாகை திரும்பி வடமேற்கே 10 மைல் நேராகப் போனார்கள். அந்த முனையில் செங்கோணம் திருப்பி இன்னொரு 10 மைல். ஜோன்ஸ் முனையிலிருந்து வடகிழக்கேயும் இப்படியே. பார்வைக்கோடு மறையாமல் இருக்க வழியில் நின்ற மரங்களை வெட்டினார்கள்.

படி 4: சங்கிலி

தூரத்தைச் சங்கிலியால் அளந்தார்கள். இழுத்து இழுத்து அது நீண்டுவிடும் என்பதால் தினமும் சரிபார்த்தார்கள். மேடுபள்ளத்தில் சங்கிலியைத் தரையோடு போடக் கூடாது. மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் புள்ளி வைக்க வேண்டும். மைலுக்கு ஒன்றாக மொத்தம் 40 கற்கள் நட்டார்கள். பின்னாளில் அளந்து பார்த்தபோது தென்மேற்குப் பக்கம் 10 மைலைவிடச் சுமார் 230 அடி கூடுதலாக இருந்தது.