மாநகராட்சிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இடம்பிடிப்பது எப்படி?

பள்ளியின் நடப்பைக் கண்காணிக்கும் இந்தக் குழுவின் தேர்தலுக்குப் பணம் தேவையில்லை, கட்சி தேவையில்லை. குழுவைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு வரும் பெற்றோரில் உங்கள் முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நகரத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் பத்துத் தெருவிலிருந்து வருவார்கள், பாதிப்பேர் வாடகை வீடு. அதனால் வேலையை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21: குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். தமிழ்நாட்டில் குழுவின் காலம் 2 ஆண்டுகள். தொடக்கப் பள்ளியில் 5ஆம் வகுப்புக் குழந்தையின் அம்மா நின்றால் அடுத்த ஜூனிலேயே பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும், இடமும் காலியாகும். 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பிள்ளை இருப்பவர்கள் நிற்பதே நல்லது.

அடுத்து, பள்ளியைப் பற்றிய கணக்கு கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் 11 இலக்க யூடைஸ் (UDISE) எண் உண்டு. அதைப் போட்டால் மாணவர், ஆசிரியர், கழிப்பறை எண்ணிக்கை இணையத்தில் வரும். சட்டத்தின் அட்டவணைப்படி 1–5 வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61–90க்கு 3, 91–120க்கு 4. 110 பிள்ளைகளுக்கு 3 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஒருவர் குறைவு.

தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நேரிலும் ஒருமுறை பாருங்கள். பதிவில் கழிப்பறை நான்கு என்றிருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் வராது, ஒன்றில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இதைவிட முக்கியமான பிரச்சினை பல பள்ளிகளில் வேறில்லை.

பெற்றோரைப் பார்க்கச் சரியான இடம் பள்ளி வாசல். விடுவதற்கு 20 நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். பாட்டிகளும் ஆட்டோ அண்ணன்களும்தான் அதிகம் வருவார்கள். அவர்கள் வழியாக அம்மா அப்பாவின் எண்ணை வாங்கி, வகுப்புவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்குக் கூட்டம் என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்று சொன்னால்தான் வருவார்கள். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் போன் செய்யுங்கள்.

கூட்டத்தில் பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம். நேரில் பார்த்த இரண்டு குறைகளைச் சொல்லி, முதலில் எதைச் சரிசெய்யக் கேட்பீர்கள் என்று சொன்னால் போதும். ஆசிரியரை மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த அதிகாரம் குழுவுக்கு இல்லை. தலைமை ஆசிரியரைச் சாடவும் வேண்டாம். குழுவைக் கூட்டுபவரே அவர்தான், நாளைக்கு அவரோடுதான் உட்கார வேண்டும்.

வழக்கமாகக் கெடுகிற இடம் ஒன்று உண்டு. பெயர்ப்பட்டியலை முன்பே எழுதிவைத்து, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். வாசிக்கும்போதே எழுந்து, "டீச்சர், நானும் நிக்கிறேன், என் பேரையும் எழுதிக்கங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூட்டம் கலைந்தபின் சொல்வதில் பயனில்லை. தலைப்பும் தேதியும் எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வென்றபின் முதல் கூட்டத்திலேயே பள்ளி மானியக் கணக்கைக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட (சமக்ர சிக்ஷா) விதிப்படி ஆண்டுக்கு 31–100 மாணவர்களுக்கு ரூ.25,000 வரை, 101–250க்கு ரூ.50,000 வரை, 251–1000க்கு ரூ.75,000 வரை. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. ரூ.50,000 வந்திருந்தால் ரூ.5,000 அங்கே போயிருக்க வேண்டும். பில்லையும் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் ஒரே நாளில் பாருங்கள்.