சக் வாங்க அவசரப்படாதீங்க

புதுசா மரக் கடைசல் மெசின் எடுத்தவர்கள், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் உடனே வாங்கத் தேவையில்லை. மெசினோடு வரும் பேஸ் பிளேட்டில் (சுழலும் தண்டில் மாட்டும் தட்டு) ஒரு கழிவுப் பலகைத் துண்டைத் திருகாணியால் இறுக்கி, முகத்தை மட்டமாகக் கடைந்து, கிண்ணத்துக்கான கட்டையை மரப் பசையால் அதில் ஒட்டுங்கள். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தடித்த பிறவுண் பேப்பர். ஒரு இரவு இறுக்கிப் பிடித்து வையுங்கள். வேகத்தைக் குறைத்தே தொடங்குங்கள்.

பசை அகன்ற முகம் முழுவதும் பிடிப்பதால் உளி அழுத்தத்தைத் தாங்கும். கடைந்து முடிந்ததும் ஒட்டில் உளியை வைத்துத் தட்டினால் பேப்பர் பிளந்து கிண்ணம் கழரும். மிச்சப்படும் காசை உளி தீட்டும் சாணைக்குப் போடலாம். மழுங்கின உளிதான் பழகுபவரைக் களைக்கச் செய்யும்.

மட்டக்களப்பு மரக்காலையில் காய்ந்த தேக்குத் துண்டு கிடைத்தால் நல்லது. வளவில் வெட்டின பச்சை வேம்புக்கு இது சரிவராது, ஈரத்தில் பசை பிடிக்காது. உயரமான பூச்சாடிக்கும் வேண்டாம்.