பப்பி லினக்ஸின் சேமிப்பை எங்கே வைப்பது: ஊர் ஊராகச் செல்லும் பென்ட்ரைவுக்கான வழிமுறை

பாடசாலைக் கணினி அறை, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினி, மாங்குளத்திலோ மல்லாவியிலோ உள்ள ரியூட்டரி (தனியார் வகுப்பு நிலையம்) என்று மூன்று இடங்களிலும் ஒரே பென்ட்ரைவைச் செருகி வேலை செய்யும் இலங்கையின் வன்னி மாணவர்களுக்கு பப்பி லினக்ஸ் மிகவும் ஏற்ற இயங்குதளம். ஆஸ்திரேலியரான பாரி கோலர் 2003இல் தொடங்கிய இந்த இயங்குதளம் பழைய கணினிகளிலும் விரைவாக இயங்கும். கணினியின் வன்தட்டைத் தொடவேண்டிய தேவையும் இதற்கு இல்லை. ஆனால் நீங்கள் நிறுவிய தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகை அமைப்பும் உலாவியின் புத்தகக்குறிகளும் அடுத்த முறை திரும்பக் கிடைக்குமா என்பது, சேமிப்பை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பப்பியின் அடிப்படை அமைப்பு சுருக்கப்பட்ட ஒரு கோப்பில், மாற்ற முடியாத நிலையில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது அதன் மேல் ஒரு வெற்று அடுக்கு ராம் நினைவகத்தில் விரிக்கப்படுகிறது; நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அந்த மேலடுக்கில்தான் எழுதப்படுகின்றன. முதல் தடவை கணினியை நிறுத்தும்போது, அந்த மேலடுக்கைச் சேமிக்க வேண்டுமா, எந்தப் பார்ட்டிஷனில் (வட்டின் எந்தப் பிரிவில்) சேமிப்பது, ஒரே கோப்பாகவா கோப்புறையாகவா என்று பப்பி கேட்கும். பலர் இந்தக் கேள்விகளை வாசிக்காமலே என்ரர் விசையை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள். பின்னர் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு நிமிட அவசரத்திலிருந்தே பிறக்கின்றன.

வழக்கமான பென்ட்ரைவில் ஃபேட்32 என்ற கோப்பு முறைமை வடிவில் ஒரே ஒரு பார்ட்டிஷன்தான் இருக்கும். அதில் கோப்புறையாகச் சேமிக்க முடியாது, ஏனெனில் லினக்ஸுக்கு வேண்டிய கோப்பு அனுமதிகளையும் இணைப்புகளையும் ஃபேட்32 தாங்காது. ஆகவே தன்னுள்ளே ஒரு லினக்ஸ் கோப்பு முறைமையைக் கொண்ட, அளவு வரையறுக்கப்பட்ட, ஒற்றைச் சேமிப்புக் கோப்பைத்தான் அங்கே உருவாக்க வேண்டும். ஃபேட்32இல் எந்தக் கோப்பும் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்ற எல்லையும் உண்டு. சேமிப்புக் கோப்பைப் பின்னர் பெரிதாக்க பப்பியிலேயே கருவி உள்ளது, ஆனால் சிறிதாக்க முடியாது. எனவே இந்த வழியைத் தெரிவு செய்பவர்கள் சிறிய அளவில் தொடங்குவதே நல்லது.

வீட்டுக் கணினியின் வன்தட்டில் சேமிப்பை வைப்பது வேகமானதுதான். ஆனால் பென்ட்ரைவை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது உங்கள் அமைப்புகள் உடன் வரமாட்டா. அந்த வன்தட்டில் விண்டோஸும் இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கிய நிலையில் கணினி நிறுத்தப்பட்டிருந்தால், விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவிலான பார்ட்டிஷன் முழுமையாக மூடப்பட்டிருக்காது. அதில் எழுத லினக்ஸ் மறுத்துவிடக்கூடும். ஒரே மேசையில் ஒரே கணினியை மட்டும் பயன்படுத்துபவர்கள் அந்த வசதியை நிறுத்திவிட்டு வன்தட்டைப் பயன்படுத்தலாம்.

இடம் மாறி வேலை செய்பவர்களுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, பென்ட்ரைவிலேயே இரண்டாவது பார்ட்டிஷன் ஒன்றை லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 வடிவில் உருவாக்கி, சேமிப்பை அங்கே கோப்புறையாக வைப்பதையே. கோப்புறைக்கு நிலையான அளவு கிடையாது. பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வளரும். முதலில் பென்ட்ரைவிலுள்ள அனைத்தையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பென்ட்ரைவிலிருந்து இயங்காத வேறொரு லினக்ஸ் கணினியில் பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் கருவியைத் திறந்து, ஃபேட்32 பார்ட்டிஷனைச் சுருக்கி, மிகுதி இடத்தில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை உருவாக்குங்கள். பயன்பாட்டில் உள்ள பார்ட்டிஷனின் அளவை மாற்ற முடியாது என்பதாலேயே வேறு கணினி தேவைப்படுகிறது. ஃபேட்32 பகுதி முதலாவதாகவே இருக்கட்டும், ஏனெனில் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குப் பென்ட்ரைவின் முதற் பார்ட்டிஷன் மட்டுமே தெரியும். புதிய பதிப்புகள் இரண்டாவதையும் கண்டு, அதை ஃபோர்மட் செய்ய வேண்டுமா என்று கேட்கும். ஒருபோதும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். பாடசாலையில் அந்தப் பென்ட்ரைவை வாங்கிச் செருகும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

புதிய பார்ட்டிஷனுக்கு இடைவெளியில்லாத குறுகிய ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டுங்கள். ‘வன்னிசேவ்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதியதாக வைத்துக்கொள்வோம். இனிப் பப்பியைத் தொடங்கி, தேவையானவற்றை அமைத்து, கணினியை நிறுத்தும்போது வரும் கேள்விகளில் இரண்டாவது பார்ட்டிஷனையும் கோப்புறை என்ற தெரிவையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, தொடக்கத்தின்போது பப்பி அந்த இடத்துக்கே நேராகச் செல்லுமாறு செய்ய வேண்டும். ஃபேட்32 பகுதியிலுள்ள தொடக்கப் பட்டியற் கோப்பை எழுத்துத் தொகுப்பியில் திறந்தால், லினக்ஸ் கேர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) குறிக்கும் வரியில் ‘பிமீடியா=யுஎஸ்பிஃப்ளாஷ்’ என்பதைக் காண்பீர்கள். அந்த வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, ‘பிசேவ்=வன்னிசேவ்:/கோப்புறையின்-பெயர்’ என்ற அமைப்பில், சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்துவிடுங்கள். பார்ட்டிஷனின் பெயருக்குப் பதிலாக ‘எஸ்டிபி2’ போன்ற கருவிப் பெயரையும் எழுதலாம்தான், ஆனால் ஒரு கணினியில் எஸ்டிபி ஆகத் தெரியும் பென்ட்ரைவ், இரண்டு வன்தட்டுகள் உள்ள இன்னொரு கணினியில் எஸ்டிசி ஆகிவிடும். ஊர் ஊராகச் செல்லும் பென்ட்ரைவுக்கு, எங்கும் மாறாத பார்ட்டிஷன் பெயரோ, பார்ட்டிஷனின் தனித்த அடையாளமான யுயுஐடி எண்ணோதான் பொருந்தும்.

ஏற்கெனவே வேறிடத்தில் உள்ள சேமிப்புக் கோப்புறையை இங்கே நகர்த்த விரும்பினால், ‘பிஃபிக்ஸ்=ராம்’ என்ற தெரிவுடன் பப்பியைத் தொடங்குங்கள்; அப்போது எந்தச் சேமிப்பும் ஏற்றப்படாது. பின்னர் பிரதியெடுக்கும் சிபி கட்டளையை ‘-ஏ’ என்ற தெரிவுடன் பயன்படுத்திப் பிரதி எடுத்தால் அனுமதிகளும் இணைப்புகளும் சிதையாமல் வந்து சேரும். புதிய இடத்திலிருந்து கணினி ஒழுங்காகத் தொடங்குவதைக் கண்ட பின்னரே பழையதை அழிக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். பென்ட்ரைவில் இயங்கும்போது பப்பி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே எழுதுவதில்லை. பென்ட்ரைவின் ஆயுளைக் காக்க, மாற்றங்களை ராமில் வைத்திருந்து, குறித்த இடைவெளியில் மட்டும் எழுதுகிறது. வழக்கமான இடைவெளி 30 நிமிடங்கள். 2022இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் கண்டிருக்கிறோம். மாரி மழைக் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் மின்சாரம் போவது வன்னியில் புதிதல்ல. பற்றரி இல்லாத மேசைக் கணினியில் 29ஆவது நிமிடத்தில் மின்சாரம் போனால், அதுவரை அமைத்தவை அத்தனையும் போய்விடும். ஆகவே பப்பியின் நிகழ்வு மேலாளரைத் திறந்து, சேமிப்புக்கான பக்கத்தில் இடைவெளியை 10 நிமிடங்களாகக் குறைத்துவிடுங்கள். அதற்கும் கீழே கொண்டுசென்றால் மலிவான பென்ட்ரைவ்களில் ஒவ்வொரு சேமிப்பின்போதும் கணினி சற்று நேரம் திணறும். முக்கியமான மாற்றம் எதையும் செய்தவுடன் முகப்பிலுள்ள சேமிப்புப் படவுருவை நீங்களாகவே அழுத்தும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகள், கடந்தகால வினாத்தாள்கள், ஒளிப்படங்கள் போன்றவற்றைச் சேமிப்புக் கோப்புறைக்குள் வைக்க வேண்டாம். அவற்றை ஃபேட்32 பகுதியில் சாதாரணக் கோப்புறை ஒன்றில் நேரடியாக எழுதுங்கள். அப்போது அவை சேமிப்பு இடைவெளிக்காகக் காத்திராமல் பென்ட்ரைவுக்குப் போய்விடும். பாடசாலையின் விண்டோஸ் கணினியிலும் அப்படியே திறக்கும். சேமிப்பு ஒருநாள் பழுதானாலும் உங்கள் உழைப்பு தப்பிவிடும்.

எல்லாம் முடிந்து மீளத் தொடங்கிய பின், ‘/ஈடிசி/ஆர்சி.டி’ கோப்புறையில் ‘பப்ஸ்டேட்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ‘பப்சேவ்’ என்று தொடங்கும் வரி, இப்போது எந்தப் பார்ட்டிஷனில் எந்தச் சேமிப்பு பயன்பாட்டில் உள்ளது என்பதைக் காட்டும். அங்கே இஎக்ஸ்டி4 என்ற வடிவமும் உங்கள் கோப்புறையின் பெயரும் இருந்தால் அமைப்பு சரியாக உள்ளது. வரி வெறுமையாக இருந்தால், தொடக்கப் பட்டியலில் எழுதிய பெயரைப் பார்ட்டிஷனின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறானவை.