கீட்டோவில் விரதம்: பசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளாதீர்கள்

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிக் கொஞ்ச நாளில் பலருக்கும் பசி மந்தமாகிவிடும். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் உடம்பில் கூடும்போது பசி அடங்கும், அவ்வளவுதான். தேவையான சாப்பாடு உள்ளே போய்விட்டது என்று அர்த்தமில்லை. இந்த நேரத்தில் விரதத்தையும் சேர்த்துக்கொண்டு, ரெண்டு முட்டை, ஒரு பட்டர் டீயோடு நாளை ஓட்டுபவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

படி 1: மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி, கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை இன்னும் வில்லங்கம்: மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகளுக்கு விரதமே வேண்டாம்.

படி 2: முதல் மூன்று வாரம் விரதம் கிடையாது. மூன்று வேளையும் சாப்பிடுங்கள்.

படி 3: புரதத்தை எண்ணுங்கள். எடைக்குறைப்பில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). 60 கிலோ ஆளுக்கு 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். காலையில் 4 முட்டை 24, மதியம் சமைத்த கோழி 100 கிராமில் ஏறக்குறைய 27, இரவு பனீர் 100 கிராமில் 18. கூட்டினால் 69; இன்னொரு அரை முட்டை பாக்கி! சைவக்காரர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். நெய்யில் கலோரி உண்டு, புரதம் இல்லை.

படி 4: உப்பைக் குறைக்காதீர்கள். கீட்டோவில் உடம்பின் இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரோடு சோடியமும் போகும். தலைவலி, கிறுகிறுப்புக்கு அதுவே பெரும்பாலும் காரணம். பிபி, இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யவும்.

படி 5: சரி, இப்போது விரதம். இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேரம். பழகிய பிறகு 14, அப்புறம் வேண்டுமானால் 16. நேரம்தான் சுருங்கலாம், மேலே போட்ட புரதக் கணக்கு சுருங்கக் கூடாது. மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டு வேளையில் முடிக்க முடியவில்லையா? 12-லேயே நில்லுங்கள்.

படி 6: உடம்பைக் கவனியுங்கள். எப்போதும் குளிர்வது, மாடி ஏறினால் அசதி, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் குறைவாகச் சாப்பிடுவதன் அடையாளங்களாக இருக்கலாம். முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால் பலர் பழியை போர்வெல் தண்ணீர் மேல் போடுகிறார்கள். இவற்றில் ஏதாவது தெரிந்தால் விரதத்தை உடனே நிறுத்தி, காலைச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.